பொம்மை இருமிய இருமல்

"அசையக்கூடாது ஐயா, அது ஒண்ணுதான்" என்று மெர்சி சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கூடவே விளக்கும் போயிற்று. அசையாமல் உட்கார எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த ஆராய்ச்சிக்கூடத்து கேட்டில் வாட்ச்மேனாக நாற்காலி போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து நாற்காலியோடு நாற்காலியாகிப் போனவன் நான். ஆனால் இது பஸ் சீட்டு. ஓடித் தேய்ந்த ஒரு டவுன் பஸ்ஸை நடுவில் அறுத்து, முன்பாதியைக் காயலான் கடைக்கு விட்டுவிட்டு, பின்பாதியை மட்டும் இந்தக் கொட்டகைக்குள் இறக்கி வைத்திருக்கிறார்கள். சீட்டு, கம்பி, ஜன்னல், புகை பிடிக்காதீர், எல்லாம் அப்படியே இருக்கிறது. சக்கரம்தான் இல்லை. இறக்கிய அன்று கேட்டைத் திறந்துவிட்டவன் நான். படித்தவர்களுக்கு வேறு வேலை இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன், இப்போது பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு அதையே நினைக்கிறேன். எனக்கு நேர் பின்சீட்டில் பொம்மை இருக்கிறது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் கிடையாது. மார்புக்குள் துருத்தி, தொண்டையில் ஸ்பீக்கர், ரப்பர் உதடு. மெர்சியோடு வேலை செய்கிற இர்ஃபான் செய்தது. தன்னுடைய பழைய கட்டம் போட்ட சட்டையை அதற்கு மாட்டிவிட்டுத் தலைவர் என்று கூப்பிடுகிறான். "தலைவர் இருமுவாரு பெரியவரே, நீங்க கண்டுக்காதீங்க. நிஜ பஸ்ல யார் கண்டுக்கறாங்க?" பொம்மைக்குச் சூடு கிடையாதாம், அதுதான் குறை. மனுஷன் உட்கார்ந்திருந்தால் அவன் உடம்பைச் சுற்றிக் காற்று சூடாகி மேலே போய்க்கொண்டே இருக்குமாம். பின்சீட்டுக்காரன் இருமும்போது தெறிக்கிற துளி அந்தக் காற்றில் ஏறி முன்சீட்டுக்காரன் மூக்குக்குப் போகிறதா, ஜன்னல் வழியாகப் போகிறதா, அதைப் பார்க்கத்தான் இவ்வளவும். வழக்கமாக உட்காருகிற மாணவனுக்குச் சளி பிடித்துவிட்டது. "உங்க உடம்புச் சூடு மட்டும் குடுங்க ஐயா, வேற ஒண்ணும் வேண்டாம்" என்று மெர்சி கேட்டைத் தேடி வந்து கேட்டாள். இங்கே ஆராய்ச்சி செய்கிற நாகர்கோயில் பக்கத்துப் பெண், கேட்கிறபோது தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பாள், மறுக்க வராது. இந்த வயதில் என்னிடம் கேட்டு வாங்க அது ஒன்றாவது மிச்சம் இருக்கிறதே என்று வந்து உட்கார்ந்தேன். கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். கண்ணாடிக்கு அப்பால் பச்சை வெளிச்சம் ஒன்று, கண்ணாடித் தகட்டை நிறுத்திவைத்த மாதிரி, பஸ்ஸை நீளவாட்டில் பிளந்துகொண்டு நிற்கிறது. அதற்குள் தூசி மிதக்கிறது. என் மூச்சும் மிதக்கிறது போலிருக்கிறது. கூரையில் வரிசையாகக் கறுப்புக் குமிழ்கள், அவை காது. பஸ் இரைச்சலுக்கு நடுவில் எது வெறும் சளி இருமல், எது காசநோய் இருமல் என்று கேட்டே பிரித்துச் சொல்ல மிஷினுக்குப் பழக்குகிறார்கள். அதற்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் நோயாளிகளை இருமச் சொல்லிப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். கேட்டிலிருந்தே எத்தனையோ இருமலைக் கேட்டிருக்கிறேன், கதவு சாத்தியிருந்தாலும் லேசாக வரும். பெண் இருமல், கிழவன் இருமல், குழந்தை ஒன்று. தெருவில் யாரோ இருமுவதுபோல் கேட்டுவிட்டு பீடியைத் தேடுவேன்.

பின்னால் துருத்தி காற்றை இழுத்தது. சரி, இருமப்போகிறது என்று தயாராகத்தான் இருந்தேன். இருமியது. சின்னதாக இரண்டு, அடுத்தடுத்து, நாய் குரைக்கப் பார்த்து விட்டுவிட்ட மாதிரி. அப்புறம் நீளமாக ஒன்று, அடிவயிற்றிலிருந்து எதையோ இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி. அது முடிகிற இடத்தில் தொண்டையில் ஒரு சொடக்கு. என் பிடரியில் ஈரக்காற்று பட்டது. உப்புத் தண்ணீர்தான், குடிக்கவே குடிக்கலாம் என்று மெர்சி சொல்லியிருந்தாள். அது எனக்கு உறைக்கவில்லை. என் இரண்டு கையும் மடியிலிருந்து எழும்பி, விரல்கள் மடங்கி, எதையோ இறுக்கப் பிடித்துக்கொண்டிருந்தன. பார்த்தால் வெறும் காற்று. கோணியின் வாய். கோணி வாயைப் பிடிக்கிற பிடி அது. தணிகா இருமினால் அவன் கையிலிருக்கிற நெல் அளக்கிற மரக்கால் ஆடும், நெல் சிந்தும், சிந்தாமல் நான் கோணி வாயை இறுக்கி அவன் பக்கமாக ஏந்துவேன். என் புத்திக்குத் தெரிவதற்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிட்டது. தணிகா என்று நினைத்தபோது மார்பில் யாரோ முழங்கையால் இடித்த மாதிரி இருந்தது. தணிகாசலம், என் தம்பி. கைகளை மடியில் இறக்கி வைத்தேன், மெதுவாக, அசையக்கூடாதல்லவா. இருக்காது. எத்தனை பேர் இருமுகிறார்கள். இருமலுக்கு என்ன முகமா இருக்கிறது. செங்குன்றத்து நெல் மண்டியில் வேலை செய்தவன் எல்லாரும் இப்படித்தான் இருமுவான், உமித்தூசி தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டால் எவனுக்கும் இதே இருமல்தான். எனக்கு அந்த மண்டியை நினைத்தால் இன்னும் கழுத்து அரிக்கும். அங்கே சந்தோஷமாக இருந்தேன் என்று எவனாவது சொன்னால் அவன் வேறு மண்டியில் இருந்திருப்பான். வியர்வையில் தூசி ஒட்டி, ஒட்டினது காய்ந்து, குளித்தாலும் போகாது. இரண்டு பேரும் அங்கே ஜோடி. அவன் அளப்பான், நான் பிடிப்பேன். மூத்தவன் நான், அளக்கிறவன் அவன். முதலாளி ராஜாபாதர் அப்படித்தான் வைத்தார், இவனுக்குக் குரல் இருக்கிறது, கணக்கு தவறாது என்று. அதையே நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. அது வேறு. நான் வைத்துக்கொண்டது வேறு.

துருத்தி திரும்ப இழுத்தது. அதே இரண்டு, அதே நீளம், அதே சொடக்கு. இம்முறை இருமல் நின்ற பிறகு பொம்மை பேசியது. இருமலில் மட்டும் இல்லை, பேச்சிலும் துளி தெறிக்குமாம். அதனால் நோயாளிகளிடம் ஏதாவது பேசுங்கள், பேச வராவிட்டால் எண்ணுங்கள் என்று சொல்வார்களாம். இதெல்லாம் மெர்சி முன்பே சொன்னதுதான். பொம்மை எண்ணியது. "லாபம்" என்றது. மூச்சு வாங்கிக்கொண்டு "ரெண்டு" என்றது. "மூணு." "நாலு." அங்கே இருமல் வந்து எண்ணிக்கையைத் தின்றுவிட்டது. லாபம். நாங்கள் ஒன்று என்று சொல்வதில்லை. மண்டியில் முதல் மரக்கால் கோணியில் விழும்போது எவனும் ஒன்று என்று சொல்லமாட்டான், லாபம் என்றுதான் ஆரம்பிக்கவேண்டும், முதலாளி காதில் அதுதான் முதலில் விழவேண்டும். எங்களுக்கு அது பழகி, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பஸ்ஸை எண்ணினாலும் லாபம், இட்லியை எண்ணினாலும் லாபம். மண்டி ஆட்கள் எல்லாரும் சொல்வார்கள். அதனாலும் ஒன்றும் நிச்சயமில்லை. ஆனால் 'லா'வை இழுத்து 'பம்'மை விழுங்குவது, விழுங்கிவிட்டு இரண்டுக்கு முன்னால் கொஞ்சம் நிற்பது, நான் கோணியைச் சரிசெய்துகொள்வதற்காக நிற்பது, அது எல்லாரும் செய்வதில்லை. அது எனக்காக நின்ற நிறுத்தம். அந்தப் பொம்மை எனக்காக நின்றது. ஒரு நிமிஷம் பைத்தியக்காரத்தனமாக ஒன்று தோன்றியது, அந்தச் சத்தத்தோடு நோயும் வந்திருக்குமோ, ஸ்பீக்கருக்குள் கிருமி இருக்குமோ என்று. மூச்சை அடக்கினேன். பிறகு வெட்கமாக இருந்தது. தம்பி இருமினால் மூச்சை அடக்குகிறேனே என்று இல்லை. பொம்மைக்கு மூச்சை அடக்குகிறேனே என்று. இல்லை, அதுவும் இல்லை. அவனுக்குக் காசநோய். அதைச் சுற்றிச் சுற்றியே நினைத்துக்கொண்டு வந்து இப்போதுதான் அதில் முட்டினேன். ஆஸ்பத்திரியில் எடுத்தது. நோயாளிகளிடம் எடுத்தது. அப்படியானால் தணிகாவுக்குக் காசம்.

காசம் வந்தால் என்ன, மாத்திரை கொடுக்கிறார்கள், சும்மாவே கொடுக்கிறார்கள், சாப்பிட்டால் சரியாகிவிடுகிறது, சுவரெல்லாம் எழுதியிருக்கிறது. சாப்பிட்டிருப்பான். சாப்பிட்டிருப்பானா? அவன் காய்ச்சல் வந்தால் ரசத்தைக் குடித்துவிட்டுக் குப்புறப் படுப்பவன். மாத்திரையை வாயில் போட்டுத் திண்டாடி, என் முதுகுக்குப் பின்னால் போய்த் துப்பிவிட்டு வருவான், சின்ன வயசில். எனக்கென்ன வந்தது அவன் துப்பினால். நான் அவனை விட்டு எவ்வளவோ காலம் ஆயிற்று. மண்டிக்கு எலெக்ட்ரானிக் தராசு வந்த அன்றோடு சரி. சிவப்பு எழுத்தில் எண் ஓடியது. ராஜாபாதர் பல்லைக் குத்திக்கொண்டே, "இனிமே ஜோடி வேணாம்பா, ஒருத்தன் போதும், யார் இருக்கீங்க, நீங்களே பேசிக்குங்க" என்றார். நான் தணிகாவைப் பார்த்தேன். அவன் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு இடுப்பு போயிருந்தது, கல்யாண வயசில் மகள் ஒருத்தி இருந்தாள், அது அவனுக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். "நான் போறேன்" என்று நானே சொன்னேன். ஏன் சொன்னேன்? அவன் "நீ இருண்ணா" என்று சொல்வான் என்பதற்காகச் சொன்னேன். நான்கு பேர் இருக்கிற இடத்தில் மூத்தவன் விட்டுக்கொடுத்தால் இளையவன் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சொல்லிவிட்டு அவனே இருந்துகொண்டாலும் பரவாயில்லை, நான் சும்மா வந்திருப்பேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான், அது என்னவோ அவன் ஜாதகம் மாதிரி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன்தான் நான். என் பெண் கல்யாணத்துக்கு அவனுக்குச் சொல்லவில்லை. அவன் வீட்டுப் பக்கம் போகிற பஸ்ஸில்கூட ஏறமாட்டேன். இதை யாரிடமும் சொல்லி நியாயம் கேட்கவில்லை, கேட்டால் இதெல்லாம் ஒரு விஷயமா என்பார்கள். எனக்கு இது விஷயம்.

"ஐயா" என்று கூரையிலிருந்து மெர்சியின் குரல் வந்தது, "அசையறீங்களா?" நான் இல்லையம்மா என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல் இருந்தது. "உங்க தலைக்கு மேல காத்து ஒரே கொந்தளிப்பா இருக்கு, ஸ்கிரீன்ல பாக்கறேன். மூச்சைச் சாதாரணமா விடுங்க ஐயா. மேலுக்கு ஏதாவது செய்யுதா?" ஒன்றும் செய்யவில்லை என்றேன். அவள் குரலுக்குப் பின்னால் இர்ஃபான் சிரிக்கிற சத்தம், "தலைவரைப் பார்த்து பயந்துட்டாரு." அடுத்த அறையில் உட்கார்ந்து என் தலைக்கு மேலே போகிற காற்றைப் பார்க்கிறார்கள். என் மனசு கொதிப்பது அங்கே பச்சையாகப் படம் படமாகச் சுழல்கிறது போல. மறைக்க ஒரு துண்டுகூட இல்லை. துண்டு. துண்டு என்று நினைத்ததும் நின்றுபோனேன். தாமு அன்றைக்குத் தலையில் துண்டு போட்டிருந்தான்.

தாமு தணிகாவின் மகன். போன ஐப்பசி மழையில் இந்த கேட்டுக்கு வந்தான். நான் வாட்ச்மேன் அறைக்குள் இருந்தேன், ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். அப்பன் நடை, கால் அகட்டி. என் கூட டூட்டி பார்க்கிற முனிரத்தினத்திடம், "நான் லீவுன்னு சொல்லு" என்றேன். அவன் போய்ச் சொன்னான். "எப்ப வருவாரு?" "தெரியலப்பா." தாமு கையில் மஞ்சள் பை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்திருக்கிறான், அவன் தங்கைக்கு நிச்சயம் ஆகியிருக்கும், என் வீட்டுப் பெண் கல்யாணத்துக்கு நான் சொல்லவில்லை, அப்பனும் மகனும் பெருந்தன்மை காட்டுகிறார்கள், என்று நினைத்து எனக்கு ஆத்திரம்தான் வந்தது. எதிர் டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்றான். மழை. தலையில் துண்டு. பிறகு போய்விட்டான். முனிரத்தினம் வந்து, "என்னமோ சொல்லணும்னான் பெருசு, மூஞ்சி நல்லால்ல" என்றான். மழையில் நனைந்தவன் மூஞ்சி எப்படி நல்லா இருக்கும் என்று நான் பீடியைப் பற்றவைத்தேன். இப்போது பச்சை வெளிச்சத்துக்குள் உட்கார்ந்து அந்தத் துண்டைத் தூக்கிப் பார்க்க முயற்சி செய்கிறேன். துண்டுக்கடியில் முடி இருந்ததா? மொட்டை அடித்திருந்தானா? அப்பனுக்குக் கொள்ளி வைத்தவன் மொட்டைதான் அடித்திருப்பான். அடித்துவிட்டுக் கருமாதிப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு பெரியப்பன் வீட்டுக்குத்தான் முதலில் வருவான், வரவேண்டும், முறை அது. மஞ்சள் பையில் கருமாதிப் பத்திரிகையை எடுத்து வருவார்களா? மாட்டார்கள். ஏன் மாட்டார்கள், கையில் கிடைத்த பையில் எடுத்து வருவார்கள், சாவு வீட்டில் எவன் பை தேடுவான். காதுக்கு மேலே, துண்டு முடிகிற இடத்தில், கறுப்பாக ஏதாவது தெரிந்ததா? ஜன்னல் கம்பி குறுக்கே இருந்தது. மழை குறுக்கே இருந்தது. நான் அவன் தலையைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தேன். எவனாவது சொந்தக்காரன் எனக்குச் சொல்லியிருப்பானே என்று ஒரு நிமிஷம் நெஞ்சு இளகியது. சொல்லியிருக்கமாட்டான். என் மாமியார் கருமாதியில், பந்தியில், எல்லாரும் கேட்க, "அவன் செத்தாக்கூட எனக்கு ஒருத்தனும் சொல்லக்கூடாது, சொன்னவன் வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்று இலையை மூடிவிட்டு எழுந்தவன் நான். அதற்குப் பிறகு என் எதிரில் அவன் பேச்சை எடுத்தவன் இல்லை. எவ்வளவு நன்றாக வாயைக் கட்டி வைத்திருக்கிறேன். ஊரே சேர்ந்து எனக்குச் சொல்லாமல் இருக்கிறது, நான் சொன்னபடி.

திரும்ப இழுத்தது. திரும்ப இருமியது. இது எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நான்கில் நிற்கிறது. செத்தவன் இருமல் என்றால் இவர்கள் எப்படி இருமவைக்கிறார்கள்? செத்துப்போன தம்பி என் பிடரிக்குப் பின்னால் உட்கார்ந்து, கட்டம் போட்ட சட்டை போட்டுக்கொண்டு, எனக்காக நின்று நின்று எண்ணுகிறான், நான் திரும்பிப் பார்க்கக்கூடாது, திரும்பினால் காற்று கெட்டுவிடும். அப்படித்தானே இவ்வளவு காலமும் இருந்தேன். அவன் செத்திருந்தால் என் கோபத்தை நான் என்ன செய்வேன். இது எனக்குப் பெரிய பயமாக வந்து உட்கார்ந்தது. மனுஷன் போய்விட்டானே என்கிற துக்கம்கூட அப்புறம்தான். இத்தனை நாளும் படுக்கும்போது இவனைத் திட்டிவிட்டுத்தான் படுப்பேன். திட்டினதெல்லாம் ஒருநாள் நேரில் சொல்லத்தான், வரிசையாக, மறக்காமல் வைத்திருக்கிறேன். அவன் நின்று கேட்கவேண்டும், தலையைக் குனிந்துகொண்டு, பதில் சொல்ல முடியாமல். கேட்க ஆள் இல்லை என்றால் நான் யாரை முறைத்துக்கொண்டு இவ்வளவு காலம் கேட்டில் உட்கார்ந்திருந்தேன். சொடக்கு. ஈரக்காற்று. "லாபம்" என்றது. நிறுத்தம். "ரெண்டு" என்றது. "மூணு. நாலு." இருமல் கிளம்பியது. "அஞ்சுடா" என்று நான் பின்னால் திரும்பி எழுந்துவிட்டேன். கத்தினேன் போலிருக்கிறது. அவன் இருமினால் எண்ணிக்கை அறுந்துபோகாமல் அடுத்ததை நான்தான் சொல்வேன், பிடிக்கிறவன் சொல்லாவிட்டால் அளந்தது போயிற்று, கொட்டித் திரும்ப அளக்கவேண்டும். பச்சைத் தகடு என் மார்பில் வெட்டி நின்றது. அதில் என் வாயிலிருந்து போன துளிகள் பறந்தன, பார்த்தேன், மணி மணியாக, பொம்மை முகத்தைப் பார்த்து.

விளக்கு வந்தது. இர்ஃபான் ஓடிவந்தான், பின்னாலேயே மெர்சி. "பெரியவரே, முழு ரன்னும் போச்சே" என்றான். மெர்சி அவனைக் கையமர்த்திவிட்டு என் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். "என்ன ஐயா, மயக்கமா? தண்ணி கொண்டுவரட்டா?" நான் கண்ணாடியைக் கழற்றினேன். பொம்மையைத் திரும்பிப் பார்த்தேன். ரப்பர் உதடு திறந்தபடி ஈரமாக இருந்தது. முகம் யார் முகமும் இல்லை.

"இது யாரும்மா?"

"யாரு ஐயா?"

"இதுல இருமறவன். லாபம்னு எண்றவன்."

இர்ஃபானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அவரா? அவர் எங்களுக்கு ஸ்டார் மாதிரி பெரியவரே. எல்லாரும் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுவாங்க, இவர் லாபத்துலதான் ஆரம்பிப்பாரு. ஏதோ கடை முதலாளி, வியாபாரப் புத்தி விடலன்னு பேசிக்குவோம். இவர் இருமல்தான் இருக்கறதுலயே சுத்தமான இருமல். மிஷின் இதை வெச்சுதான் நல்லாக் கத்துக்குது. டெல்லிக்கு அனுப்பியிருக்கோம், வெளிநாட்டுல ரெண்டு லேப்புக்கு அனுப்பியிருக்கோம்."

"உசுரோட இருக்கானா?"

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. மெர்சியைப் பார்த்தான். மெர்சி என் எதிர்சீட்டில் உட்கார்ந்தாள். "தெரியாது ஐயா. நாங்க பேரு எடுத்துக்கறதில்ல. ஆம்பளையா பொம்பளையா, வயசு என்ன, அவ்வளவுதான். பேரு கேட்டா ஒருத்தரும் இருமவே ஒத்துக்க மாட்டாங்க. வெளிய தெரிஞ்சா வீட்டுல தனித் தட்டு வெச்சிருவாங்கன்னு பயம். பேரு கேக்கமாட்டோம்னு வாக்கு குடுத்துத்தான் எடுக்கறோம்." தலையைச் சாய்த்துக்கொண்டு, "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்றாள்.

தெரிந்தவன். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தேனா இல்லையா தெரியவில்லை, இர்ஃபான் தண்ணீர் எடுக்கப் போனான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன். என் போனில் தணிகாவின் நம்பர் இருக்கிறது. என்ன பேர் போடட்டும் என்று முனிரத்தினம் கேட்டபோது, "எடுக்காதேன்னு போடு" என்றேன், அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அப்படியே போட்டுக் கொடுத்தான். அடித்தால் எடுக்கக்கூடாது என்பதற்காக வைத்த நம்பர். அவன் ஒருநாளும் அடித்ததில்லை. எடுக்காதே என்கிற எழுத்தின்மேல் கட்டைவிரலை வைத்தேன். விரல் வேறெங்கோ பட்டது, திரும்ப வைத்தேன். மணி போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. நம்பர் செத்துப்போனால் ஒரு பெண் குரல் சொல்லுமே, அது வரவில்லை, அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் உடனே, செத்தவன் போனை மகன் வைத்திருப்பான் என்று தோன்றி அதுவும் கையைவிட்டுப் போயிற்று. எடுத்தார்கள். டிவி சத்தம், பாத்திரம் தேய்க்கிற சத்தம்.

"அலோ, யாருங்க?" தாமு. "யாருங்க?" என் மூச்சு மட்டும் போனில் போயிற்று. அந்தப் பக்கம் டிவியைக் குறைத்தார்கள். "பெரியப்பாவா?" என்றான்.

எப்படித் தெரிந்தது அவனுக்கு. அந்த வீட்டில் என் நம்பரை என்ன பேரில் வைத்திருக்கிறார்கள்.

"உன் அப்பன்..." என்றேன். தொண்டையைச் செருமினேன். "உன் அப்பன் எங்கடா?"

ஒரு நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. அந்த நாற்காலி நகர்ந்து முடிகிறவரைக்கும் நான் ஒன்றும் நினைக்கவில்லை. நினைப்பதற்கு உள்ளே இடமே இல்லை.

"உள்ளதான் படுத்திருக்காரு பெரியப்பா. மாத்திரை கோர்ஸ் முடிஞ்சிடுச்சி. இப்போ பரவாயில்ல, சாப்பிடறாரு. போன மழைல வந்து சொல்லலாம்னு வந்தேன், நீங்க லீவுன்னாங்க. அப்ப ரொம்ப முடியாம இருந்துது, உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு." பிறகு, "எதாவது ஆயிடுச்சா பெரியப்பா அங்க?"

மெர்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், ஓடாத பஸ்ஸில். இருக்கிறான். இருக்கிறான் என்றதும் உடம்பெல்லாம் வியர்த்து ஊற்றியது, அதன் அடியிலிருந்து, நன்றாகப் பழகின அந்தக் கோபம், விட்ட இடத்திலிருந்து எழுந்து வந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் கோபப்பட்டதில்லை. என்னைக் கேட்டுக்கொண்டிருந்தானாம். கேட்டால் வந்து நிற்கவேண்டியதுதானே, மகனை அனுப்பினால் ஆயிற்றா.

"தூங்கறாரு, அப்புறம் பேசறீங்களா?" என்றான் தாமு.

"எழுப்பு" என்றேன்.

"இல்ல பெரியப்பா, இப்பத்தான்..."

"எழுப்புடா அவனை."

போன் எங்கேயோ நடந்தது. கதவு. கட்டில் கிறீச்சிட்டது. தாமு மெதுவாக என்னவோ சொன்னான், இன்னொரு தடவை சொன்னான். பிறகு மூச்சு மட்டும் கேட்டது, கிட்டத்தில், காதுக்குள்ளேயே. நான் மறக்காமல் வைத்திருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்து முட்டிக்கொண்டு நின்றது, தராசு, துண்டு, முதலாளி, எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. "அண்ணா" என்றான். இருமல் இல்லாத குரல். இளைத்துப்போயிருந்தது.

"ஏன்டா" என்றேன், "ஊரு உலகத்துக்கெல்லாம் இருமிக் குடுத்திருக்கியே, எனக்கு ஒரு வார்த்தை சொன்னியா?"